செல்லம்மாவும் தொலைந்த அம்புக்குறியும்

ஒரு திட்டம் வருமுன் சனம் எப்படி இருந்தது, வந்தபின் எப்படி மாறியது என்று கேட்டெழுதி ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் தொழில். நாய்க்குப் பயந்து படலைக்கு வெளியே நின்று கேள்வி கேட்ட, இதே தொழில் செய்த அன்பர்களே, மிச்சத்தை உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

பெட்டிகளும் அம்புகளும்

போர்க்காலம். வன்னியில், முரசுமோட்டைக் கிராமத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லும் வகுப்பு தொடங்க இருந்தது. அதற்கு முந்திய நிலவரத்தைக் கேட்டெழுதி வவுனியா அலுவலகத்தில் படமாகக் கீறினோம். பள்ளிப்படிப்பு ஒரு பெட்டி, கொதித்த தண்ணீர் ஒரு பெட்டி, வயிற்றோட்டம் ஒரு பெட்டி. எது எதற்கு எவ்வளவு காரணம் என்று காட்ட இடையில் அம்புக்குறிகள். காரணம் வலுத்தால் அம்பு தடிக்கும்.

அந்தப் படத்தோடு வன்னிக்குத் திரும்பும்போது இராணுவச் சோதனைச்சாவடியில் மாட்டிக்கொண்டேன். பெட்டிகள் முகாம்கள், அம்புகள் தாக்க வரும் வழிகள் என்று சிப்பாய் முடிவுகட்டிவிட்டான். எனக்குச் சிங்களம் அரைகுறை. பயத்தில் அதுவும் வரவில்லை. கடைசியில் வயிற்றைப் பிடித்து, குந்தி, எழும்பி ஓடி நடித்துக் காட்டினேன். அவன் முகம் மாறியது. துவக்கை ஓரமாகச் சாத்திவிட்டு, தெரிந்த தமிழில் மெதுவாகக் கேட்டான்: "எனக்கும் அது மாதிரிதான். மருந்து இருக்கா?"

முகில்

வகுப்பு முடிந்து இரண்டாம் முறை கேட்டெழுதியது மாரியில். வன்னிக்குள் பற்றறி கொண்டுவரத் தடை. எங்களிடம் இருந்தது வெயிலில் வேலைசெய்யும் கல்குலேட்டர். முற்றத்தில் கதிரை போட்டு நான் எண்களை அமத்த, கூட வேலைசெய்த யோகன் எழுதுவான். விடை வரும் நேரம் பார்த்து முகில் மூடும். திரை வெறுமையாகும். திரும்பவும் முதலிலிருந்து! ஒருநாள் யோகன் பென்சிலைக் கீழே வைத்தான். "அண்ணை, முகிலுக்கும் ஒரு பெட்டி கீறுவம். எல்லாத்துக்கும் காரணம் அதுதான்."

களவு

முந்திய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்ததும் எங்கள் பொறுப்பாளர் தலையில் கைவைத்தார். முதல் படத்தில் படிப்பிலிருந்து கொதித்த தண்ணீருக்குப் போன தடித்த அம்பு, இரண்டாவது படத்தில் இல்லை. "வகுப்புப் பிழைச்சுப்போச்சு, நிப்பாட்டுவம்" என்றார்.

வகுப்பெடுத்த செல்லம்மா, மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவவின் வீட்டு அடுப்பு அந்த வேலையில்தான் எரிந்தது. விடைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது: முன்பு படித்தவர்கள் மட்டும் கொதிக்கவைத்தார்கள், இப்போது எல்லாரும் கொதிக்கவைக்கிறார்கள். படிப்பால் வந்த வித்தியாசம் போனால் அம்பும் போகத்தானே வேண்டும்! இதை நான் விளங்கப்படுத்த, பொறுப்பாளர் விடைகளைத் தானும் எண்ணிப் பார்த்து ஒத்துக்கொண்டார். வகுப்பு தப்பியது.

சந்தோஷத்தில் சைக்கிளை மிதித்துப் போய், "அக்கா, உங்களாலதான் அந்த அம்பு இல்லாமப் போனது" என்றேன். செல்லம்மாவின் முகம் வெளிறிப்போனது. "ஐயையோ, நான் எடுக்கலீங்க தம்பி! வேணும்னா உள்ள வந்து தேடிப் பாருங்க!"

தோல்வியை விளங்கப்படுத்த ஒரு நிமிடம் போதும், வெற்றியை விளங்கப்படுத்தத்தான் ஆயுள் போதாது என்பதே அந்த வேலையில் நான் கண்ட ஒரே முடிவு.