விழுந்தால் யாருக்குப் போன்?

மயிலாப்பூரில் நான் இருபத்திரண்டு வருடம் குடியிருந்த மாடி வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப்போவதாக ஹவுஸ் ஓனர் வந்து சொன்னார். நல்ல மனிதர், ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார். ஆசிரியை வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகியிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே அண்ணன் கோயம்புத்தூரில் இருக்கிறார், அவருக்கே முட்டிவலி. பென்ஷன் வருகிறது, வீடு பிடிப்பதில் என்ன கஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

தி.நகரில் ஒரு புரோக்கர் கிடைத்தார். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, "எத்தினி பேரும்மா?" என்றார்.

"நான் மட்டும்தான்."

"பசங்க?"

"இல்லை."

அவர் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டே, "பாக்கலாம்" என்றார்.

நான்கு வீடு பார்த்தோம். எல்லா வீட்டிலும் காபி கொடுத்தார்கள், என் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்தார்கள். மறுநாள் புரோக்கரிடம் ஏதாவது ஒரு காரணம் சொன்னார்கள். உறவினர் குடிவருகிறார், பெயின்ட் அடிக்க வேண்டும், இப்படி. முதல் இரண்டு முறை வருத்தமாக இருந்தது. நான்காவது முறை வருத்தம் போய்க் குறுகுறுப்பு வந்துவிட்டது. சுவரில் ஓர் ஆணிகூட அடிக்காத என்னைப் பார்த்து இவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள்?

"வயசானவங்க தனியா கீறாங்கன்னா ஓனருங்களுக்கு ஒரு ரோசனைமா. இன்னா ரோசனைன்னு அவங்களையே கேளு" என்றார் புரோக்கர்.

ஐந்தாவது வீடு அடையாறில். பின்பக்கப் போர்ஷன். முன்பக்கத்தில் ஓனர் அம்மா தனியாக இருந்தார். வங்கியில் வேலை பார்த்தவர், மகன் வெளிநாட்டில். காபிக்கு எழுந்தவரை உட்காரச் சொல்லிக் கேட்டேன்.

"எனக்கு வீடு தர நீங்க யோசிப்பீங்க. என்ன யோசனைன்னு மட்டும் சொல்லுங்க. கோவிச்சுக்க மாட்டேன்."

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "நீங்க பாத்ரூம்ல விழுந்துட்டா நான் யாருக்குப் போன் பண்றது? எனக்கே எழுபது ஆச்சு. என்னால உங்களைத் தூக்க முடியாது" என்றார்.

நியாயமான கேள்வி. பதிலோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து இதைச் சொன்னபோது, சைதாப்பேட்டையில் முதியோருக்கு உதவுகிற ஓர் அமைப்பு இருப்பதாக ஒருவர் சொன்னார். மார்க்கெட் பக்கம் மாடியில் சின்ன அறை. அங்கிருந்த பெண் என்னென்ன மாத்திரை, மாற்றுச்சாவி யாரிடம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். தினமும் காலை எட்டு மணிக்குப் போன் செய்வார்களாம்.

"எடுக்கலைன்னா?"

"ரெண்டு தடவை அடிப்போம். அப்புறம் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு. அப்பவும் இல்லைன்னா நாங்களே ஆட்டோ பிடிச்சு வருவோம்."

"அப்படிப் போயிருக்கீங்களா?"

"நிறைய. பெரும்பாலும் குளிச்சிட்டு இருப்பாங்க."

"பெரும்பாலும்?"

அவர் ஃபாரத்தைத் திருப்பி அடுத்த பக்கம் எழுதினார்.

"வீடு பார்த்துத் தருவீங்களா?" என்றேன்.

"அது எங்க வேலை இல்லைம்மா. ஆனா ஓனர்கிட்ட வந்து பேசறேன்."

சொன்னபடியே அடையாறுக்கு வந்தார். அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது, எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது எல்லாம் எழுதிய தாளை நீட்டினார். ஓனர் அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"இது வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு மட்டும்தானா?"

"அப்படி ஒண்ணும் இல்லையே."

"அப்ப எனக்கும் ஒரு ஃபாரம் குடுங்க."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. சொந்த வீடு இருப்பவர்களுக்கு இந்தப் பயம் இருக்காது என்று நினைத்திருந்தேன். 'அருகில் இருப்பவர்' என்ற இடத்துக்கு வந்ததும் அவர் பேனா நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உங்க பேர் என்ன?" என்றார். அதுவரை அவர் கேட்கவில்லை.

அடுத்த மாதமே குடிபோனேன். பதினொரு மாத ஒப்பந்தம், ஒருமுறை புதுப்பித்தாயிற்று. அவர் மகன் வந்து விற்கலாம் என்று சொன்னால் மறுபடி தேடவேண்டியதுதான்.

போன வாரம் எட்டேகாலுக்கு அமைப்பிலிருந்து அந்தப் பெண் என்னை அழைத்து, முன்வீட்டில் போனை எடுக்கவில்லை என்றார். செருப்புகூடப் போடாமல் போனோடு ஓடினேன். ஓனர் அம்மா பக்கவாட்டுச் சந்தில் குந்தி உட்கார்ந்து, விரலை உதட்டில் வைத்து என்னை நிறுத்தினார். தண்ணீர்த் தொட்டியடியில் ஒரு கீரிப்பிள்ளை, அதன் பின்னால் இரண்டு குட்டிகள். "நல்லாத்தான் இருக்காங்க" என்று போனில் மெதுவாகச் சொல்லிவிட்டு, நானும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.