ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரு ழ

ஆரணியில் பட்டு உண்டு, அரிசி உண்டு, ழ கிடையாது. குறையாகச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் மழை 'மய' என்றுதான் பெய்யும். கோழி 'கோயி'யாக இருந்தே முட்டை போடும். வாயப்பயம் என்று கேட்டு வாங்கினாலும் தோலை உரித்தால் உள்ளே அதே பழம்தான். ஊருக்குள் ஒரே ஒருவரிடம் மட்டும் அந்த எழுத்து பழுதில்லாமல் இருந்தது. அவர் மைக் சிங்கராயர்.

தறி நெய்கிற வீட்டில் பிறந்தவர். சிறு வயதில் மாதா கோவிலில் ஞாயிறு வாசகம் வாசிக்க நிறுத்தினார்கள். 'மகிழ்ச்சி' வருகிற இடத்திலெல்லாம் சாமியார் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து வந்த ழ, பயம் போன பின்னும் போகவில்லை. வளர்ந்ததும் தறியை விட்டு மைக்கைப் பிடித்தார். ஆட்டோவில் குழாய் கட்டிக்கொண்டு ஆடித் தள்ளுபடியும் அவர்தான் சொல்வார், அமரர் ஊர்தி கிளம்பும் நேரமும் அவர்தான் சொல்வார். தேவிகாபுரம் திருவிழாவில் தொலைந்த குழந்தைகள் அவர் குரலில்தான் கிடைத்தன. "மஞ்சள் சட்டை அணிந்த குழந்தை மேடை அருகே அழுதுகொண்டிருக்கிறது" என்று அவர் சொன்னால், அந்த 'அழுது'வுக்குப் பெற்றவள் மட்டுமல்ல, குழந்தையே இல்லாதவளும் திரும்பிப் பார்ப்பாள்.

பிறகு சர்க்கரை வந்து ஈறைத் தின்றது. மேல் வரிசையில் ஒரு பல்லும் மிஞ்சவில்லை. த சொல்லப் போனால் காற்றுதான் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு அருகே பல் மருத்துவமனை வைத்திருக்கும் டாக்டர் ஸ்ருதி, மேல்வாய் முழுவதையும் மூடுகிற மாதிரி ஒரு பல் செட்டு செய்து மாட்டினார். மாட்டிவிட்டுச் சோதனை வைத்தார்.

"ஃபிஃப்டி ஃபைவ் சொல்லுங்க ஐயா."

சொன்னார்.

"சிக்ஸ்டி சிக்ஸ்."

அதுவும் கணீரென்று வந்தது. டாக்டர் படித்த படிப்பில் அவ்வளவுதான் கேட்கச் சொல்லியிருந்தார்கள். இருவரும் திருப்தியாகப் பிரிந்தார்கள்.

அந்த வாரம் சிங்கராயருக்கு ஒரு பெரிய வேலை காத்திருந்தது. பட்டுக்கடை ஹேமநாத் தலைமையில் ஒரு குழு, தமிழின் தொன்மையைக் கொண்டாட விழா எடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, கல்யாண மண்டபத்தில். ஊரெல்லாம் அறிவிப்பதும் மேடையில் நிகழ்ச்சியை நடத்துவதும் அவர் பொறுப்பு. ஆட்டோவில் ஏறி மைக்கைத் தட்டி, புதுப் பல்லோடு முதல் அறிவிப்பைச் செய்தார்:

"ஆரணி வால் பெருமக்களே, தமில்த் தாய்க்கு விலா எடுக்க இருக்கிறோம்."

பெருமக்களுக்கு வாலும் முளைத்தது, தாய்க்கு விலா எலும்பும் போயிற்று. தெருவில் யாரும் சிரிக்கவில்லை. நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பல் இல்லாதபோது தமிழின் முதலெழுத்து போனது. பல் வந்ததும் கடைசி எழுத்து போய்விட்டது. நடுவில் 'மி' மட்டும் எந்தச் சேதமும் இல்லாமல் நின்றது.

சாயங்காலமே சிங்கராயரைத் தேடி ஹேமநாத் வந்துவிட்டார்.

"இன்னா சிங்கராயரே, விலா எடுக்கிறோம்னு சொல்லிகினு போறியாமே? நாங்க இன்னா கசாப்புக் கடையா வெச்சிருக்கோம்?"

"பல்லு புதுசுங்க. பலகிடும்."

"தமிய் ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல வந்துகினு இருக்குது. உனக்கு ஞாயித்துக்கெயமக்குள்ள பயகுமா?"

சிங்கராயரின் மனைவி அந்தோணியம்மாள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "நீங்க மட்டும் தமிய்னு சொல்லலாமாண்ணா?"

"நான் சொல்லலாம்மா. நாங்கெல்லாம் அப்டி சொல்லிகினு நிம்மதியா இருக்கறதே இவரு இருக்காருன்னுதான். ஊருக்கெல்லாம் சேத்து சொல்ற ஆளு. இவரும் உட்டுட்டா நாங்க எங்க போயி கேக்கறது?" ஹேமநாத் செல்போனை எடுத்துக் காட்டினார். "இதுல டைப் பண்ணா அதுவே பேசுது. சுத்தமாத்தான் பேசுது. மூச்சே வுடாம பேசுது, அதான் பேஜாரா இருக்குது. வெள்ளிக்கெயம வரைக்கும் பாக்கறேன். அப்பறம் போனைத்தான் மேடையில வெக்கணும்."

அவர் போன பிறகு அந்தோணியம்மாள் ஒரு யோசனை சொன்னார். "த வர்றப்ப பல்ல மாட்டிக்குங்க, அந்த எயுத்து வர்றப்ப கயட்டிக்குங்க." சிங்கராயர் கையெடுத்துக் கும்பிட்டார். பதில் சொன்னால் அதிலும் ஒரு ழ வந்துவிடும் என்று பயம்.

மறுநாள் காலையில் மருத்துவமனையில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார்.

"ல வரல டாக்டரம்மா."

"ல நல்லா வருதே ஐயா?"

"ல இல்லீங்க. ல."

"அதான் ஐயா, ல. வருதே?"

சிங்கராயர் உள்ளங்கையை நீட்டி, விரலால் அந்த எழுத்தை எழுதிக் காட்டினார். ஸ்ருதி வாயைப் பொத்திக்கொண்டார். அவர் வந்தவாசிப் பக்கத்துச் சமணர் கிராமத்துப் பெண். அந்த எழுத்தை எழுதத் தெரியும், சொல்வதில் அவரும் ஊரோடு ஒத்துப் போகிறவர்தான். நாற்காலியைச் சுற்றி நடந்தவர் திடீரென்று நின்றார்.

"எட்டாங் கிளாஸ்ல எயுத்துகளின் பிறப்புன்னு ஒரு பாடம். ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணேன். ர-வும் அந்த எயுத்தும் சொல்ல நாக்கு நுனி மேல்வாயை வருடணும். ஒட்டக்கூடாது. வருடணும். ஐயா, நீங்க வருடறதுக்கு நான் இடமே விடல."

இந்தப் பாடம் நேற்று எழுதியதல்ல. காகிதம் வருவதற்கு முன்னால், எப்போதோ ஒருவர் தன் வாய்க்குள் நாக்கு எங்கே போகிறது என்று ஒவ்வோர் எழுத்தாகக் கவனித்திருக்கிறார். எதிரில் யாரையாவது உட்கார வைத்து, வாயைத் திற என்றும் சொல்லியிருப்பார். உதடு எங்கே, பல் எங்கே, அண்ணம் எங்கே என்று பிரித்து வைத்துவிட்டுப் போனார். இலக்கணம் எழுதியவர்களே 'என்ப', 'என்மனார்' என்று தங்களுக்கு முந்தியவர்களைத்தான் கைகாட்டுகிறார்கள்; முதலில் பார்த்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. மதுரைப் பக்கத்துக் குகைகளில் சமண முனிவர்களுக்காகக் கல்லில் படுக்கை வெட்டியவர்கள், பக்கத்திலேயே எழுத்தும் வெட்டினார்கள். வடக்கே வழங்கிய எழுத்தில் ழ-வுக்கு உருவம் இல்லாததால் நம் தேவைக்கென்று ஓர் உருவம் உண்டாயிற்று. இதையெல்லாம் பெருமை என்று சொல்லி மேடையில் மார் தட்டுகிறோம். பல் வைத்தியத்துக்கு உதவும் என்று யாரும் சொன்னதில்லை.

ஸ்ருதி பல் செட்டைக் கழற்றித் துடைத்து, அதன் அண்ணப் பகுதியில் வெள்ளைப் பொடியைத் தூவி மறுபடி மாட்டினார்.

"ர சொல்லுங்க."

கழற்றிப் பார்த்தார். பல்லுக்குச் சற்றுப் பின்னால், நாக்கு பட்ட இடத்தில் பொடி அழிந்திருந்தது. மறுபடி பொடி, மறுபடி மாட்டல்.

"இப்ப அது. வருதோ இல்லியோ, முயற்சி பண்ணுங்க."

இந்த முறை ஈரத்தடம் இன்னும் உள்ளே விழுந்திருந்தது, பிளாஸ்டிக் தடித்து மேடாக இருந்த இடத்தில். நாக்கு அங்கே போய் முட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறது.

"இங்கதான் ஐயா இருக்கு உங்க எயுத்து," என்றார் ஸ்ருதி. "வெட்டி எடுத்தா பிடிமானம் போயிடும். தேய்ச்சி மெல்லிசாக்கறேன்."

தேய்த்தார், மாட்டினார். "மளை" வந்தது. கொஞ்சம் முன்னேற்றம்தான். மறுபடி தேய்த்தார். வெளியே பல்வலிக்காரர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். உள்ளே ஒருவர் அழகு, கிழக்கு, புழுங்கலரிசி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். திடீரென்று ஒரு 'மழை' வந்தது. முழுதாக. ஸ்ருதி கருவியை நிறுத்தினார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"மழை."

சிங்கராயர் டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்ருதி பின்னால் திரும்பி, அடுத்தவரை உள்ளே அனுப்பச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஆட்டோவில் சிங்கராயர் ஒரு சுற்று வந்தார். ஹேமநாத் கடை வாசலுக்கு வந்து நின்று கேட்டார். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. தமிய் எவ்வளவு பழமையானது என்று ஹேமநாத் வெகுநேரம் பேசினார்; கூட்டம் மனசுக்குள் திருத்திக்கொண்டு கேட்டது. கடைசியில் நன்றியுரை. சிங்கராயர் மண்டபக்காரர், பந்தல்காரர், சாப்பாட்டுக்காரர் எல்லோருக்கும் நன்றி சொன்னார். பிறகு, குழு எழுதிக் கொடுக்காத இரண்டைச் சேர்த்தார்.

"பல் மருத்துவர் ஸ்ருதி அவர்களுக்கு நன்றி. நம் ழகரம் வாயில் எந்த இடத்தில் பிறக்கிறது என்று பார்த்துச் சொல்லிவிட்டுப் போன, பெயர் தெரியாத ஒருவருக்கும் நன்றி. அவரால்தான் இன்றைக்கு நான் வாய் திறந்தேன்."

ஹேமநாத்துக்குக் காரணம் புரியவில்லை. ஆனால் மேடையில் நன்றி சொன்னால் சால்வை போட வேண்டும், அது அவருக்குத் தெரியும். இரண்டு பட்டுச் சால்வை எடுத்து வரச் சொன்னார். கடைசி வரிசையில் இருந்த ஸ்ருதியை அழைத்து ஒன்றைப் போர்த்தினார். இன்னொன்றைப் பிரித்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அந்த இன்னொருத்தரு?" என்று சிங்கராயரின் காதருகே கேட்டார். மைக் அணைக்கவில்லை, மண்டபம் முழுக்கக் கேட்டது. "வந்துகிறாரா?"

"அவரு ரொம்ப முந்தியே போயிட்டாருங்க."

"சாப்ட்டாராமா?" என்றார் ஹேமநாத். விரித்த சால்வையோடு வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றார்.