திரும்பும் தேதி

இங்கே காலையில் யாரும் சாப்பிடுவதில்லை, பசியாறுகிறார்கள். மதியமும் இரவும்தான் சாப்பாடு. கல்யாணமாகி கேமரன் மலைக்கு வந்த மறுநாள் காலை, பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று "பசியாறியாச்சா?" என்று கேட்டார். நான் பட்டினி கிடப்பதாக யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்து, பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன். எங்கள் விருதுநகரில் அந்தச் சொல்லை மேடையில் பேசுகிறவர்கள்தான் சொல்வார்கள். வந்து ஒன்பது வருடமாகிறது. இப்போதும் என் வாயில் "சாப்டியா" என்றுதான் வருகிறது. ஏழு வயது மகள் ஷாலினி "பசியாறிட்டேன்மா" என்கிறாள். இருவரும் ஒரே கல்லிலிருந்து எடுத்துத் தின்ற தோசையைத்தான் சொல்கிறோம்.

என் கணவர் ஜெயராஜ் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இங்குள்ள ஆலையிலேயே மெக்கானிக்காக இருந்தவர். சர்ச் வழியாக வந்த சம்பந்தம். போன வருடத்துக்கு முந்தின வருடம், வேலையில் நின்றுகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை உயிர் நிற்கவில்லை. பிறகு தோட்டத்துத் தேநீர்க் கடையில், சுற்றுலா வருகிறவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. தோட்டம் கொடுத்திருந்த லைன் வீடும் கையை விட்டுப் போகவில்லை. ஆனால் நான் இந்தியக் குடிமகள், என் மகள் மலேசியக் குடிமகள். நான் இங்கே தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் இந்த நாட்டுக்காரர் ஒருவர் எனக்காகப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். என் கொழுந்தன் டேவிட் போடுகிறார். திரிங்காப்பில் ஒரு காய்கறித் தோட்டத்து லாரியை ஓட்டுகிறவர். கையெழுத்தைப் பற்றி அவர் ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

ஊரிலிருந்து என் அண்ணன் வாரம் தவறாமல் கூப்பிடுவார். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: புருஷன் போன பிறகு அந்நிய நாட்டில் என்ன வேலை, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு, பாதி வருஷத்திலும் சேர்த்துக்கொள்கிற பள்ளிக்கூடம் எனக்குத் தெரியும். வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சரி என்றும் வாய் வரவில்லை. வருடக் கடைசிப் பள்ளி விடுமுறையில் வந்து பார்க்கிறேன் என்றேன்.

முதன்முதலாக இந்த மலைக்கு வந்த வழி எனக்கு நினைவே இல்லை. விமான நிலையத்திலிருந்து எந்த ரயில், எந்த பஸ், எங்கே இறங்கினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எல்லாச் சீட்டும் ஜெயராஜின் சட்டைப்பையில் இருந்தது. நான் அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தேன். கண் விழித்தபோது குளிர்ந்தது, சுற்றிலும் பச்சையாக இருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகும் எங்கே போனாலும் அவர்தான் வழி. அதனால்தான் இந்த முறை யாருடைய காரிலும் ஏறக்கூடாது என்று தீர்மானித்தேன். தோட்டத்திலிருந்து தானா ராத்தா, அங்கிருந்து பஸ்ஸில் ஈப்போ, ஈப்போவிலிருந்து ரயிலில் கோலாலம்பூர், இன்னொரு ரயிலில் விமான நிலையம், விமானத்தில் திருச்சி, பிறகு மதுரை பஸ், விருதுநகர் பஸ். ஒரு பிள்ளையையும் இரண்டு பைகளையும் வைத்துக்கொண்டு இத்தனை இடத்தில் ஏறி இறங்க முடிந்தால், எந்த ஊரிலும் தனியாகப் பிழைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஷாலினிக்கு மலைவளைவு ஆகாது. வண்டி இரண்டு திருப்பம் திரும்பினால் வாந்தி எடுப்பாள். அதனால் எங்கே எவ்வளவு நேரம் நிற்கலாம், எங்கே முகம் கழுவலாம், எங்கே அவள் வயிறு கேட்கிறதைக் கொடுக்கலாம் என்பதைச் சுற்றியே திட்டம் போட வேண்டியிருந்தது. அவளும் கூடவே உட்கார்ந்து ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பார்த்தாள். ஈப்போவரை அவள் எனக்குச் சொல்லித் தந்தாள், திருச்சிக்குப் பிறகு நான் அவளுக்குச் சொல்லித் தந்தேன். விருதுநகரில் பஸ் ஏற எந்தத் திட்டமும் வேண்டாம். கண்டக்டரே ஊர்ப் பெயரைக் கூவி, பையைப் பிடுங்கி உள்ளே வைத்து, நம்மையும் தள்ளி ஏற்றிவிடுவார். இங்கே பஸ் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போகும். தவறவிட்டால் ஏனென்று கேட்க ஆளில்லை.

தானா ராத்தாவில் பஸ் சீட்டு வாங்கப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மலாய்ப் பெண். எனக்குக் கடையில் காய் வாங்கும் அளவுக்குத்தான் மலாய் வரும். ஈப்போ என்றேன், தேதியைச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டே "பாலிக் பிலா?" என்று கேட்டாள். படபடப்பில் இருந்த என் காதில் அது 'பிள்ளை' என்று விழுந்தது. ஆமாம், ஒரே பிள்ளை, ஏழு வயது என்று ஷாலினியைத் தூக்கிக் கண்ணாடிக்கு எதிரே காட்டினேன். அந்தப் பெண் சிரிக்காமல் மறுபடியும் அதையே கேட்டாள். ஷாலினி என் காதருகில் வந்து, "எப்ப திரும்பி வருவீங்கன்னு கேக்குறாங்கம்மா" என்றாள்.

பின்னால் வரிசை நின்றது. அந்தப் பெண் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். என் மகளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போவதற்கு மட்டும் போதும் என்று கையால் காட்டினேன். விமானச் சீட்டையும் நான் போவதற்கு மட்டும்தான் எடுத்திருந்தேன். வெளியே வந்து நடந்தோம். வழக்கமாக ஷாலினி அந்தத் தெருவில் சோளம் வாங்கித் தரச் சொல்லி அடம்பிடிப்பாள். அன்று கேட்கவில்லை.

கிளம்புகிற நாள் காலையில் நல்ல மழை. பஸ் கியா பார்ம் தாண்டும்போது கடைக்காரர்கள் ஸ்ட்ராபெரிக் கூடைகளைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடிக்கொண்டிருந்தார்கள். ஷாலினி என் மடியில் தலை வைத்துக் கண்ணை மூடியிருந்தாள். கம்போங் ராஜாவைக் கடந்து கொஞ்ச தூரம் போனதும் பஸ் நின்றுவிட்டது. முன்னால் வரிசையாக வண்டிகள். டிரைவர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மண் சரிந்து பாதை மூடிவிட்டது, எப்போது திறப்பார்கள் என்று தெரியாது என்று மலாயில் சொன்னார். பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வந்து கம்போங் ராஜாவில் எங்களை இறக்கிவிட்டார்.

ஒரு மளிகைக் கடை முகப்பில் ஒதுங்கி நின்றோம். ஈப்போ ரயில் போய்விட்டால் விமானமும் போய்விடும். யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தால் ஒரே ஒரு பெயர்தான் வந்தது. பக்கத்தில் திரிங்காப்பில்தான் டேவிட் இருப்பார். ஆனால் நாங்கள் போகக்கூடாது என்று யாராவது நினைக்கிறார்கள் என்றால் அது அவர்தான். தன் அண்ணன் மகளைச் சொந்தப் பிள்ளை போலப் பார்க்கிற மனிதர். முந்தின ஞாயிறு வீட்டுக்கு வந்தவர், "டிக்கெட்டு போட்டாச்சா அண்ணி?" என்று கேட்டார். போவதற்குப் போட்டாச்சு என்றேன். தலையாட்டிவிட்டு, ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்யப் போய்விட்டார். அந்த மனிதரிடம் எந்த முகத்தோடு உதவி கேட்பது? வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அந்த முகப்பில் நின்றுகொண்டே அவரைக் கூப்பிட்டேன்.

விஷயத்தைச் சொன்னேன். "அங்கயே நில்லுங்கண்ணி, வரேன்" என்றார். முட்டைக்கோஸ் ஏற்றிய லாரியோடே வந்துவிட்டார். தோட்டத்து முதலாளியிடம் சரக்கைத் தாப்பா வழியாகக் கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

"இந்தப் பக்கம் இனி ஆகாது. கீழ தாப்பா போற சடக்குல எறங்கிடலாம். ஈப்போவுலேருந்து வர்ற ரயிலு தாப்பா ரோட்டுலயும் நிக்கும்லா. புடிச்சிரலாம்."

வந்த வழியே திரும்பினோம். பிரிஞ்சாங், தானா ராத்தா, அதற்கும் கீழே எங்கள் தோட்டத்துக்குப் பிரியும் முனை. மழைக்கிடையில் லைன் வீடுகளின் தகரக் கூரைகள் தெரிந்தன. ஷாலினி நிமிர்ந்து பார்த்து, "சித்தப்பா, நம்ம வீடு" என்றாள். டேவிட் கியரை மாற்றினார். லாரி கொஞ்சம் வேகம் குறைந்தது, அது வளைவுக்காகத்தான் என்று பிறகு புரிந்தது. நிறுத்தவில்லை. நிறுத்திவிடுவாரோ என்று பயந்தேனா, நிறுத்தமாட்டாரா என்று ஏங்கினேனா, இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

ரிங்லெட் தாண்டி இறங்கும் பாதையில் ஷாலினி இரண்டு முறை வாந்தி எடுத்தாள். இரண்டாவது முறை ஓரமாக நிறுத்தி, டேவிட்டே அவள் முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டார். அவள் களைத்துத் தூங்கிய பிறகு, சாலையைப் பார்த்தபடியே பேசினார்.

"அண்ணி, வர்லன்னா வர்லன்னு சொல்லிடுங்க. புள்ள பேர ஸ்கூல்லேருந்து நான்தான் போயி எடுக்கணும். வாத்தியார் கேட்டு எனக்குத் தெரிய வேணாம்."

"எனக்கே தெரியல தம்பி."

"சரி. தெரிஞ்சா மொத எனக்கு சொல்லுங்க."

தாப்பா ரோடு நிலையத்தில் டேவிட் லாரியைக் கண்ட இடத்தில் நிறுத்திவிட்டு, ஒரு தோளில் பையும் மறுதோளில் ஷாலினியுமாக நடைமேடைவரை ஓடினார். ரயில் வந்துவிட்டது. எங்களை ஏற்றிவிட்டு, நன்றி சொல்வதற்குள் திரும்பி நடந்தார். ஓட்டத்தில் அவருடைய ஒரு செருப்பு அறுந்திருந்தது. காலை இழுத்து இழுத்து நடந்து போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

திருச்சியில் அண்ணன் காரோடு நின்றார். பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தேனே என்றதற்கு, பொம்பளைப் பிள்ளை தனியாக எதற்கு பஸ்ஸில் என்றார். அன்பில்தான் சொன்னார். அன்று முதல் எல்லாமே அப்படித்தான் நடந்தது. பள்ளிக்கூடத்தில் பேசி வைத்திருந்தார். மாடியில் ஒரு அறைக்கு வெள்ளையடித்து வைத்திருந்தார். அண்ணி என் கையில் ஒரு வேலையும் தரவில்லை. வெயிலில் ஷாலினிக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. கடையில் அவள் ரொட்டி கேட்டு, பொங்குஸ் பண்ணித் தாங்க என்று சொல்ல, கடைக்காரர் விழித்தார். கட்டித் தரச் சொல்கிறாள் என்று நான் விளக்கினேன். தெருப் பிள்ளைகள் அவள் பேச்சின் கடைசியில் ஒட்டும் 'லா'வைக் கேட்பதற்காகவே அவளைப் பேசச் சொன்னார்கள். முதலில் அவளும் சந்தோஷமாகச் சொன்னாள். பிறகு வாயைத் திறப்பதை நிறுத்திக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை, "எத்தனாவது படிக்கிற?" என்று கேட்டார்.

"ஒண்ணாம் ஆண்டு முடிச்சிட்டேன், டீச்சர்."

"எத்தனை வருஷம் படிச்சேன்னு கேக்கலம்மா, எந்த வகுப்புன்னு கேட்டேன்."

ஷாலினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். சீட்டு வாங்கின அன்று பார்த்த அதே பார்வை. இரண்டு பேரும் தமிழில்தான் பேசினார்கள், ஆண்டு என்றால் அங்கே வகுப்பு என்று நான் நடுவில் மொழிபெயர்த்தேன். என் பதிலுக்குக் காத்திராமல் அண்ணன் அடுத்த கேள்விக்கும் அதற்கடுத்த கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளையின் அப்பா பெயரைக்கூட அவர்தான் சொன்னார். எல்லாச் சீட்டும் மறுபடியும் இன்னொருவர் சட்டைப்பைக்குள் போகிறது என்று அப்போது தோன்றியது.

அன்று மாலை அண்ணனிடம் திரும்பிப் போகிறேன் என்றேன். இவ்வளவும் செய்தவனை விட்டுவிட்டுக் கொழுந்தன் கையெழுத்தில் போய் உட்காரப் போகிறாயா என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. அங்கே ஒருவர் கையெழுத்து, இங்கே ஒருவர் கார். வித்தியாசம் ஒன்றுதான், கையெழுத்துப் போடுகிறவர் என்னிடம் கேட்கிறார். இதை அண்ணனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் கிளம்பிய அன்று அவர் பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. அண்ணி மட்டும் வந்து, ஷாலினி கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு அழுதார். கண்டக்டர் எங்கள் பைகளைப் பிடுங்கி உள்ளே வைத்தார். மதுரை, திருச்சி என்று நாங்களே ஏறி இறங்கினோம். விமானம் ஏறுவதற்கு முன் டேவிட்டைக் கூப்பிட்டுச் சொன்னேன். "சரிண்ணி, ஈப்போவுல பஸ்ஸு புடிச்சிருவீங்கதானே?" என்றார். பிடித்துவிடுவேன் என்றேன்.

அண்ணன் இன்னும் என்னோடு பேசவில்லை. வாரா வாரம் நான் கூப்பிடுகிறேன், அண்ணிதான் எடுக்கிறார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். என் அனுமதி அடுத்த வருடம் மறுபடி முடிகிறது.

திரும்பி வந்த அன்று, கோலாலம்பூரிலிருந்து ஈப்போ வரும் ரயிலில் எங்களுக்குக் கிடைத்தது பெட்டியின் நடுவில், மேசைக்கு இருபுறமும் எதிரெதிராக இருக்கும் இருக்கைகள். ரயில் போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்தால்தான் வயிறு தாங்கும் என்று ஷாலினியை அந்தப் பக்கம் உட்கார வைத்தேன். எனக்கு முதுகு ஈப்போவுக்கும் முகம் வந்த வழிக்குமாக அமைந்தது. அவள் எனக்குப் பின்னாலிருந்து வருவதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு பாலம், செம்பனைத் தோட்டம், மழை. அவள் சொன்ன பிறகுதான் அவை என் ஜன்னலுக்கு வந்து, பின்னோக்கிச் சிறுத்துப் போயின. ஈப்போ நெருங்கும்போது எழுந்து நின்று, "மலை வந்துருச்சும்மா" என்றாள். நான் திரும்பவில்லை. என் கண்ணெதிரே, ஜன்னலில், பக்கத்துத் தண்டவாளம் போய்க்கொண்டே இருந்தது.