சொட்டு மருந்து விட்ட மத்தியானம்

கண்ணில் சொட்டு மருந்து விட்டால் பெங்களூரு அழகாகிவிடும். கண்பாப்பா விரிந்து வெளிச்சம் உள்ளே கொட்டும். மஞ்சள் பூ மரங்கள் பஞ்சாகும், பஸ்கள் மிதந்து வரும். சிடுசிடுக்கிற ஆட்டோக்காரர்கூட மகான் போலத் தெரிவார். வருஷத்தில் ஒரு நாள், கண் சோதனையன்று, எனக்கு அந்தக் கனவு. மற்ற நாளெல்லாம் பயம்தான்.

எங்கள் குடும்ப ரத்தத்தில் ஒரு கோளாறு. கண், மூளை, சிறுநீரகம் என்று எங்கே வேண்டுமானாலும் கட்டி முளைக்கும். தங்கவயல் சுரங்கத்தில் வேலை செய்த அப்பாவுக்கு முதலில் ஒரு கண் போனது, பிறகு ஆளே போனார். எல்லாம் பாறைத்தூள் என்றார்கள். “அந்தக் குழிதான் மனுஷனத் தின்னுச்சு. அதான் மூடியாச்சே, இனி நமக்கு ஒண்ணும் வராது” என்று சொல்லி அம்மா எங்களைப் பெங்களூரு நீலசந்திராவுக்குக் கூட்டிவந்தாள். நானும் நம்பினேன். சுரங்கத்தை எட்டிக்கூடப் பார்க்காத என் கண்ணில் கட்டி வந்தபோது டாக்டரிடம் சண்டைக்கே போனேன்.

“எங்கப்பாவக் கொன்னது சுரங்கம் சார், ரத்தம் இல்ல!”

அவர் பொறுமையாக விளக்கினார். கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கும் அது இறங்கியிருக்கலாம், இறங்காமலும் இருக்கலாம். அவள் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினோம். இல்லை என்று வந்தால் அவளுக்கு இனி சொட்டு மருந்தே வேண்டாம் என்றார்.

அந்த வருஷம் இருவரும் கண் பார்க்கப் போன அன்று, ரிசல்ட் இன்னும் வரவில்லை என்றாள் மகள். சொட்டு விடும்போது ஊரைக் கூட்டுகிறவள், வாய் திறக்காமல் தலையைச் சாய்த்தாள். கிளம்பும்போது, அடுத்த வருஷத்துக்கு இரண்டு பேருக்கும் தேதி போடுங்கள் என்று கவுன்ட்டரில் கன்னடத்தில் சொன்னாள். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. குருடனுக்குக் குருடன் வழிகாட்டிய கதையாகக் கைகோத்து நடந்தோம்.

“அம்மா, அங்க பாரேன், ரோடெல்லாம் உருகுது!”

நான் வெகுநாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருந்தேன். காலண்டரில் எழுத்துகள் மெல்லத் தெளிந்தன. அப்போதுதான் உறைத்தது.

“ரெண்டு பேருக்கும் எதுக்குடி தேதி?”

“காலையிலயே போன்ல வந்துடுச்சும்மா. எனக்கும் இருக்கு.”

“ஏண்டி பாவி சொல்லல?”

“சொன்னா நீ ரோட்டுல அழுவ. எனக்கும் கண்ணு தெரியாது. உன்ன எப்படி வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றது?”

“ஐயோ, நான் குடுத்ததுடி!” வயிற்றில் அடித்துக்கொண்டேன்.

“இந்தச் சப்பை மூக்கும் நீ குடுத்ததுதான். அதுக்கு என்னைக்காவது அழுதியா?”

எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. நான் சிரித்த பிறகுதான் அவள் அழ ஆரம்பித்தாள்.