கூரையில் காய்ந்த பற்றரி

சியாம் என்ற பேரை றொசானா முதன்முதலில் கேட்டது புத்தளத்து அகதி முகாமில். மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று வாப்பா கேட்க, "செத்த டோர்ச்சுக்கு உசிர் குடுக்கிறவர்" என்றார் பேச்சுக் கொண்டுவந்தவர். ஓலை மறைப்புக்குப் பின்னால் இருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள்.

கலியாணம் முடிந்து சொந்தக் கரையான சிலாவத்துறைக்குத் திரும்பிய பிறகும் அவருக்கு அதுதான் தொழில். இரவில் வலை விட்டுக் கடலில் கிடக்கும் படகு மற்றவர்களுக்குத் தெரியவேண்டுமே, அந்த விளக்கை அவரிடம்தான் செய்விப்பார்கள். அவருடைய தம்பி றிபாத் மட்டும் அண்ணனிடம் குறை சொல்லிக்கொண்டே இருந்தான்.

"நானா, இது விளக்கா, மின்மினியா? பெரிய படகுக்காரன்ட கண்ணுக்கு இது தெரியுமா?"

"ரெண்டு பல்பையும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டாக் கட்டினா மங்கல்தான்டா. ஆனா விடியுமட்டும் நிக்கும். தனித்தனியா இழுத்துக் கட்டினா பளீரெண்டு எரியும், பற்றரியத் திண்டு போடும்."

"உங்களவிடவா திங்கும்? மச்சியட்டக் கேளுங்கோ!"

றொசானாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சியாம் மாற்றிக் கட்டினார்.

நாலு பற்றரி வேண்டும். வெள்ளிக்கிழமை, ஜும்மா நேரம், கடை பூட்டு. புதிது இரண்டுதான் கையில் இருந்தது. அந்தக் கரையில் பழைய பற்றரியை யாரும் எறிவதில்லை. கூரைத் தகரத்தில் காயப்போட்டால் கொஞ்சம் உசிர் வரும். சூடாக இரண்டை எடுத்துப் புதிதோடு வரிசையாகப் போட்டார். வெயில் படாமல் கையைக் குவித்துப் பார்த்தார். பளீரென்று எரிந்தது. றிபாத் சந்தோசமாக வாங்கிக்கொண்டு போனான்.

விடிந்தும் அவன் வரவில்லை. பக்கத்தில் வலை விட்டவர்கள் வந்து சொன்னார்கள்: முதலில் நல்ல வெளிச்சம், பிறகு சிவந்து மங்கி அணைந்தது, அதற்குப் பிறகு பெரிய எஞ்சின் சத்தம். படகின் முன்பாதிதான் கரை சேர்ந்தது, விளக்கு கட்டியபடியே. அடக்கம் செய்ய றிபாத்தின் மய்யித்துக்கூடக் கிடைக்கவில்லை.

சியாம் விளக்கைக் கழற்றி, பற்றரிகளை ஒவ்வொன்றாகப் பல்பில் வைத்துப் பார்த்தார்.

"புதுசு ரெண்டிலயும் இன்னும் இருக்கு, றொசானா. நான் வச்ச பழசு ரெண்டும் செத்து, நல்லதையும் எரிய விடாமப் பிடிச்சு வச்சிருக்கு."

கணவனை இழந்து, வீட்டை விட்டு வெளியே வராமல் இத்தாவில் இருந்த றிபாத்தின் மனைவி பஸ்மினா ஆள் அனுப்பினாள்: "எனக்கு நானாவில கோவம் இல்ல, வரச் சொல்லுங்கோ." றொசானா கையைப் பிடித்துக் கெஞ்சிப் பார்த்தாள். "என்ன முகத்தோட போவன்?" என்று கேட்டவர், பஸ்மினாவின் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டார். பிறகு கடல் இரையும் சத்தமே அவருக்கு ஆகாமல் போனது.

சியாம் இப்போது கடல் சத்தம் கேட்காத மறிச்சுக்கட்டியில், காட்டோரத்து மிளகாய்த் தோட்டமொன்றில் காவலுக்கு இருக்கிறார்.