முதுகுக்குப் பின்னால் இன்ஜின்

இஃப்ராவுக்குச் சந்தேகம் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்டது. அப்பா அக்பர் பாஷா ஆதம்பாக்கத்தில் பழைய கார் வாங்கி விற்பவர். எந்த வண்டியைக் காட்டினாலும், "லேடி டாக்டர் ஓட்டுன வண்டி சார். வூட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்க்கினு இருந்ததோட சரி" என்பார். ஒரு ஊரில் இத்தனை லேடி டாக்டர்கள் இருக்க முடியாது என்று பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. அப்புறம் யார் எதைச் சொன்னாலும், இதில் இவருக்கு என்ன ஆதாயம் என்றுதான் முதலில் யோசிப்பாள்.

படித்துவிட்டு ஒரு கார் கம்பெனியில் சேர்ந்தாள். அடையாறில் ஆபீஸ். இன்ஜின் சூட்டைத் தணிக்க வழி பார்ப்பது அவள் வேலை. கம்பெனி, இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை விற்றுவந்தது. அதில் இன்ஜின் முன்னால் இல்லை. சீட்டுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே இருக்கும். அழகுக்குக் குறைவில்லை, வேகம்தான் போதவில்லை என்று வாங்கியவர்கள் அலுத்துக்கொண்டார்கள். டர்போ வைத்துக் கொடுக்கலாமா என்று மேலிடத்தில் பேச்சு எழுந்தது. வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் திணிக்கிற கருவி அது. வேகம் ஏறும், சூடும் ஏறும்.

மேனேஜர் ஷ்ரவண் அவளைக் கூப்பிட்டார். "இஃப்ரா, டைரக்டர்ஸ் மீட்டிங்ல நீங்கதான் பேசப் போறீங்க. டர்போ வேணுமா, வேணாமா? ஓப்பனா சொல்லிடுங்க."

"நானா சார்? சீனியர்ஸ் இருக்காங்களே."

"உங்க பேரத்தான் குடுத்திருக்கேன்."

சொல்லிவிட்டு அவரே காபி வாங்கி வந்து நீட்டினார். அது இன்னும் உறுத்தியது. நாளைக்கு வண்டி சொதப்பினால், இஃப்ராதான் சரி என்றாள் என்று கைகாட்டிவிட்டுப் போவதற்கா?

டர்போ பொருத்திய வண்டியின் சோதனை ஓட்ட முடிவுகளைப் பார்த்தாள். எல்லாம் பிரமாதமாக இருந்தன. அதுதான் இடித்தது. எங்கே ஓட்டினார்கள் என்று துருவினாள். ஊட்டி மலைப்பாதையில், டிசம்பரில். அந்தக் குளிரில் எந்த இன்ஜின்தான் கொதிக்கும்?

"மே மாச வெயில்ல நம்ம டிராஃபிக்ல ஓட்டிப் பாக்கணும் சார்" என்றாள். மறுப்பார் என்று எதிர்பார்த்தாள்.

"போலாமே. நானும் வரேன்" என்றார் ஷ்ரவண். உடனே ஒத்துக்கொண்டதும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மே மாதத்தில் ஒரு மத்தியானம், அந்த டர்போ வண்டியை அடையாறிலிருந்து தரமணி வழியாக வேளச்சேரிக்கு ஓட்டினாள். விஜயநகர் சிக்னலுக்கு முன்னால் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. ஏசி இரைந்தது, சீட்டின் பின்புறம் தோசைக்கல்லாகக் காய்ந்தது. ஷ்ரவணின் சட்டை நனைந்து ஒட்டியது. பச்சை விழுந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், சூடு தாங்காத இன்ஜின் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. வண்டி நகர்ந்தது, ஊர்ந்தது, அவ்வளவுதான்.

பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாமா, வண்டி ஷோக்கா கீது, நகர மாட்டேங்குது?"

ஷ்ரவண் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதத்தான் மீட்டிங்ல சொல்லணும், இஃப்ரா."

"நீங்களே சொல்லலாமே சார்?"

ஷ்ரவண் ஏசி காற்றைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "டர்போ வேணும்னு போன வருஷம் ஒத்தக் கால்ல நின்னதே நான்தான். இப்ப வேணாம்னு எப்படிச் சொல்றது?"

ஆக, பழிபோட அல்ல. தனக்குப் பதிலாகப் பேசத்தான் அவளைப் பிடித்திருக்கிறார். சந்தேகப்பட்டது சரியாகவும் இருந்தது, தப்பாகவும் இருந்தது. எரிச்சல் மட்டும் குறையவில்லை.

மீட்டிங்கில் நேராகச் சொன்னாள். "டர்போ குடுக்கலாம், ஆனா இப்ப வேணாம். முதல்ல சூட்டுக்கு வழி பண்ணணும். வேளச்சேரில பக்கத்து சீட்ல ஷ்ரவண் சார்தான் இருந்தார். எப்படி இருந்துச்சுன்னு அவரையே கேளுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். ஷ்ரவணின் முகம் கறுத்தது. "முதுகு வெந்துபோச்சு" என்றார் கடைசியில். "இஃப்ரா சொல்றதுதான் சரி."

டர்போவைத் தள்ளிவைத்தார்கள். பக்கவாட்டில் காற்று புகும் வழியைப் பெரிதாக்கும் வேலையை இஃப்ராவின் தலைமையில் விட்டார்கள்.

ஷ்ரவண் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் அவள் மேஜையருகே வந்து நின்றார். "என்னை நல்லா மாட்டிவிட்டீங்க."

"நீங்க மட்டும் என்னை முன்னாடி தள்ளிவிடலையா?"

அவர் சிரித்துவிட்டார். இஃப்ரா சிரிக்கவில்லை. புதுப் பொறுப்புக்குத் தன் பெயரைச் சொன்னது யார் என்று டைரக்டர் ஆபீஸில் விசாரித்தாள். ஷ்ரவண்தான் என்றார்கள். எதற்காகச் சொன்னார் என்பது இன்றுவரை அவளுக்குப் பிடிபடவில்லை.