பட்டியலில் இல்லாத என் பைக்

பிள்ளைகளே, உங்கள் அத்தையின் கணவரான என் மச்சானும் நானும் ஒரே நாளில், மார்த்தாண்டத்தில் ஒரே ஷோரூமில், ஒரே மாதிரி பைக் வாங்கினோம். எட்டு மாதம் கழித்து அவருக்கு மட்டும் கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்தது. எஞ்சினை இயக்கும் ஈ.சி.யூ. என்ற சின்னக் கம்ப்யூட்டர் பெட்டியில் கோளாறு இருக்கிறதாம். இலவசமாகவே புதிதாக மாற்றித் தருவார்களாம். எனக்கு வயிறு எரிந்தது.

அவர் மாற்றப் போன அன்று நானும் என் பைக்கில் கூடவே போனேன். "என் வண்டியும் இடையிடையே நின்னு போவுது" என்று சர்வீஸ் சென்டரில் பொய் சொன்னேன். கவுண்டரில் இருந்த பெண் என் சேஸிஸ் நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். மெக்கானிக் வயரைச் செருகி அரை மணி நேரம் சோதித்தார்.

"கோளாறு உள்ள வண்டி லிஸ்டுல உங்க நம்பர் இல்ல அண்ணாச்சி. வண்டிக்கு ஒரு கேடும் இல்ல. சந்தோஷமா கொண்டு போங்க" என்றார் அவர்.

என் முகம் சுருங்கியதைப் பார்த்து மச்சான் சிரித்தார்.

"என்ன மச்சான், நல்லா ஓடுத வண்டிக்குப் போய் துக்கம் கொண்டாடுதீரு? என் வண்டி குழித்துறைப் பாலத்துல ஓட்டத்துலயே நின்னுது. பின்னால வந்த பஸ்ஸுக்காரன் பிரேக்கைச் சவுட்டுனதால தப்பிச்சோம். உம்ம தங்கச்சியும் வண்டியிலதான் இருந்தா. வேணும்னா சொல்லும், வண்டியை மாத்திக்கிடுவோம்!"

தங்கை இதை என்னிடம் சொல்லவே இல்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் மக்களே, உள்ளதைச் சொல்கிறேன். வீடு வந்து சேரும்வரை முன்னால் போன அவருடைய பைக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவருக்குப் புதுசு, எனக்குப் பழசு என்றுதான் மனது சொல்லிக்கொண்டே இருந்தது.